கயாக்குக்கு ஆள்

கயாக் என்றால் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. இந்த ஒரு வரி தெரிவதற்குள் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது.

அப்பா எஸ்டேட்டில் ஏணி போட்டு மிளகு பறித்தவர். ஒருமுறை விழுந்து இடுப்பு போனபிறகு ஏணியைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும். அம்மா ஒருத்தி கூலியில் எத்தனை நாள் ஓட்டுவது? நாகலூர்ப் பக்கம் புதிதாக வந்த விடுதியில் அப்பா வேலை கேட்கப் போனார். "கயாக்குக்கு ஆள் வேணும், நாளைக்கு வாங்க" என்றார்களாம். அது என்ன எழவு என்று கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டார்.

"கயித்தத்தானுங்க அவிய கயாக்குங்கறாங்க" என்று அம்மா தீர்த்துவைத்தாள்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. ஏணி கட்டிப் பழகிய கைக்குக் கயிறெல்லாம் ஒரு வேலையா! மறுநாள் காலை புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளி விடுமுறையிலிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மேனேஜர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "யாரைக் கட்டிப்போட இது?" பிறகு விடுதிக் குளத்தில் மிதந்த மஞ்சள் படகைக் காட்டினார். வருகிறவர்களுக்கு அதை ஓட்டச் சொல்லித்தர வேண்டும்; யாராவது கவிழ்ந்தால் குதித்துத் தூக்க வேண்டும்.

"நீச்சல் தெரியுமில்ல?"

அப்பா என்னைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "நொம்ப நல்லாத் தெரியுமுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா படகில் உட்கார்ந்தார். அது ஆடியது, செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றியது, எப்படியோ கரைக்கு வந்தது. இறங்கியவர் முதல் வேலையாகக் கரைப் புல்லில் உட்கார்ந்துகொண்டார். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டு வாசலிலேயே கத்தினேன், அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்று. அம்மா அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க எப்பங்க நீச்சப் பழகுனீங்க?"

"ஏணி ஏறறதுக்கு இது தேவல புள்ள. சோத்தப் போடு."

அம்மா சோற்றைப் போட்டாள். நான் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா முதலில் அவர் சட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் காப்பித் தண்ணி வரும். நனைந்திருந்தால் அடுப்படியில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள். பாவம், துவைக்கிற வேலை கூடிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்துக்கொள்வேன்.