ஒரு சேர் பேதி உப்பு

எனக்குக் கணக்கு வராது என்று அந்த வயதில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு மாடு பிழைத்திருக்கும். ஆனால் நீலசந்திராவில் எங்கள் சந்து முழுக்க என்னைக் கணக்குப் புலி என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அதுவே தலைக்கனம் ஏறப் போதுமானது.

தமிழ்நாட்டில் வாய்ப்பாடு என்பதை எங்கள் பள்ளியில் கன்னடத்தில் மக்கி என்போம். என் மக்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பழைய எடைகளுக்கும் கிலோவுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. தோலா, பலம், வீசை, சேர், மணு எல்லாம் அதில் உண்டு. எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு ஊரிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ரெண்டு வீசை புளி வந்திருக்கிறது, அது எத்தனை கிலோ என்று வாசலில் நின்று கேட்பார்கள். நான் புத்தகத்தைப் பார்க்காமலேயே ரெண்டு கிலோ எண்ணூறு கிராம் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். நேராகச் சிரித்தால் கண் பட்டுவிடுமாம்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரு கறவை மாடு. அது ஏழு மாதச் சினை. பால் வற்றிக்கொண்டிருந்தாலும், கன்று போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அம்மா எந்தப் பேச்சையும் தொடங்குவாள், முடிப்பாள். என் பள்ளிக்கூடம், மழைக்கு முன் கூரைக்குப் போடவேண்டிய தகடு, எல்லாமே அந்த வயிற்றுக்குள் இருந்த கன்றை நம்பித்தான் இருந்தன.

ஒரு நாள் காலையில் அது அசை போடுவதை நிறுத்தியது. மறுநாளும் தீவனம் தொடவில்லை, சாணி போடவில்லை, வயிறு ஒரு பக்கம் கல்லாகக் கிடந்தது. அன்று பார்த்து ஊரில் இரண்டு நாள் பந்த். மாட்டாஸ்பத்திரியில் பூட்டுத் தொங்கியது, பஸ் ஓடவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, சைக்கிளை எடுத்துக்கொண்டு பேகூருக்குப் போனார். அங்கே மாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு கன்னடப் பெரியவர் இருந்தார். எங்கள் மாட்டுக்கு முதல் பிரசவம் பார்த்தவரே அவர்தான். காலில் புண், சைக்கிளில் உட்கார முடியாது, பஸ் விட்டதும் வருகிறேன் என்று சொல்லி, அதுவரைக்கும் கொடுக்க மருந்து மட்டும் சொல்லி அனுப்பினார்.

"ஒரு சேரு பேதி உப்பை வெல்லத் தண்ணியில கரைச்சு ஊத்தச் சொன்னாருக்கா. சாயந்திரத்துக்குள்ள சாணி போட்டுடுமாம்" என்றார் மாமா.

கடையில் எல்லாம் கிலோதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புத்தகத்தைக் கொண்டுவந்து, விரலை வைத்து, சத்தமாகவே படித்தேன். ஒரு சேர், எண்பது தோலா, தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று கிராம்.

அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "அவ்ளோவாடி? எங்க ஊர்ல சேருன்னா ரெண்டு கை நிறைய வரும், அவ்ளோதான். அஞ்சு சேரு ஒரு வீசை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது உங்க ஊரு கணக்கு. இது புக்குல போட்டிருக்கு. நீ படிச்சியா, நான் படிச்சேனா?" என்றேன்.

அம்மா சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. சேர் இரண்டு உண்டு. கச்சா சேர் என்பது இருபத்து நான்கு தோலா, அதாவது கால் கிலோவுக்குச் சற்று மேலே. பக்கா சேர் எண்பது தோலா, கிட்டத்தட்ட ஒரு கிலோ. அம்மாவின் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும், பேகூர் போன்ற கிராமங்களிலும் வெறுமனே சேர் என்றால் கச்சா சேர்தான். என் புத்தகத்தை அச்சடித்தவருக்குப் பக்கா மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. கல்யாணமாகிக் கோலார் பக்கம் போன பிறகு, சந்தையில் ஒரு சேர் மிளகாய் கேட்டேன். ஒரு பொட்டலம் கையில் வந்தது. குறைவாக இருக்கிறதே என்று சண்டை போட்ட இடத்தில்தான் இது எனக்குத் தெரிந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

அன்று அம்மா காசை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். படித்த மகளை எதிர்த்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. நானும் மாமாவும் போனோம். தீவனக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி, எத்தனை மாட்டுக்கு என்று கேட்டார். ஒரே மாட்டுக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தராசில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்தார். நான் விடவில்லை. அறுபத்தேழு கிராமைக் குறைத்தாக வேண்டும் என்று அடம் பிடித்தேன். மருந்து ஒரு சிட்டிகை கூடிவிடக் கூடாது அல்லவா? தலையில் அடித்துக்கொண்டு அவர் உப்பைக் கொஞ்சம் அள்ளித் திரும்பச் சாக்கில் போட்டார்.

மாமா மாட்டின் வாயைத் தூக்கிப் பிடிக்க, அம்மா மூங்கில் குழாயால் குழாய் குழாயாக ஊற்றினாள். பாதியில் அது தலையை உதறியது. அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னும் பாதி இருக்கிறது என்று பாத்திரத்தைக் காட்டினேன்.

சாணி போட்டது. பெரியவர் சொன்ன சாயந்திரம் வரைக்கும்கூட ஆகவில்லை. நான் கை தட்டினேன். ஆனால் அது நிற்கவில்லை. வெறும் தண்ணீராகப் போனது, பிறகு ரத்தமாகப் போனது. இருட்டுவதற்குள் முன்னங்கால் மடிந்து படுத்துவிட்டது. விடிந்து பார்த்தால் கழுத்து நீண்டு கிடந்தது. வண்டி கொண்டுவந்த ஆட்கள் சங்கிலி போட்டு இழுத்தார்கள். அதில் ஒருவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கன்றும் போய்விட்டது என்றான். அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். மறு வாரத்திலிருந்து பிரேசர் டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். முழங்கால் தேயும் வரை அந்த வேலைதான் செய்தாள்.

மாடு போன மறுநாள் பஸ் ஓடியது. பெரியவர் காலில் துணி சுற்றிக்கொண்டு, நொண்டியபடி வந்து சேர்ந்தார். வெறும் கட்டுத்தறியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அம்மா அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எஷ்டு உப்பு கொட்டே தாயி?" என்று, எவ்வளவு உப்பு கொடுத்தாய் எனக் கன்னடத்தில் கேட்டார். பிறகு எங்களுக்காகத் தமிழுக்கு வந்து, "ஒரு சேருதானே? நம்ம ஹள்ளி சேரு, கிராமத்து சேரு?" என்று இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் கண் அந்தக் கைகள் மேல் இல்லை, அம்மா மேல் இருந்தது. அம்மா அந்தக் கைகளை வெகு நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. நீங்க சொன்ன சேருதான். ஒரு சிட்டிகை மேல போடல" என்றாள்.

பெரியவர் குவித்த கைகளைப் பிரித்து, உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் மருந்துதாம்மா கொன்னுடுச்சு" என்றார். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவர் எந்த மாட்டையும் தொடவில்லை. யார் போய் அழைத்தாலும் கை கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினாராம். இதை மாமா ஒரு முறை அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் சந்தோஷம்தான். மாடு செத்ததிலிருந்து, கணக்கில் எங்கேயாவது தப்பு விட்டுவிட்டேனோ என்று அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சேர்தான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்படியானால் என் கணக்கு சரி. பெரியவர் மட்டும் ஏன் அப்படி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நொண்டி நொண்டிப் போனார் என்று விளங்கவில்லை. அவர் தொடாமல் விட்டுப்போன காபி வீணாகிறதே என்று நானே எடுத்துக் குடித்தேன்.