சாட்டிலைட்டுக்குத் தைத்த மூலைத் துண்டு

1. பளபளத் தாள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் அப்பர் தைத்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவேன், சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவேன். அந்த யூனிட்டை மூடியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ராணிப்பேட்டையில் தையல் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். சீட் கவர் தைக்கிற இடம் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் கோபிநாத் சார் ஒரு தாளை நீட்டினார். பிஸ்கெட் பாக்கெட்டின் உள்பக்கம் மாதிரி மின்னியது.

"இது இன்னா சார்?"

"சாட்டிலைட்டுக்குப் போர்வைம்மா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மேல வெயில் படற பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறைஞ்சிடும். உள்ள பேட்டரி, குழாய் எல்லாம் இருக்குது. அது கெடாம இருக்கத்தான் இது."

மெல்லிய ஃபிலிம் ஒன்று, அதன் மேல் வலை ஒன்று, மறுபடி ஃபிலிம். இப்படிப் பல அடுக்கு. அடுக்குகள் ஒன்றை ஒன்று அழுத்தக் கூடாது. அழுத்தினால் அந்த இடம் வழியாகச் சூடு கடந்துவிடும். ஊசி தப்பாக இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. தோலும் அப்படித்தானே? அதனால்தான் சார் துணி தைத்தவர்களை விட்டுவிட்டு ஷூ தைத்தவர்களைத் தேடியிருக்கிறார்.

2. திரும்பி வந்தது

சின்னச் சின்ன வேலைகளாகச் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, பெங்களூர்க் கம்பெனி ஒன்று முதல் தடவையாக ஒரு முழு சாட்டிலைட்டின் போர்வையைக் கொடுத்தது. மற்ற எல்லாத் துண்டுகளும் சரியாக உட்கார்ந்தன. ஒரே ஒரு மூலைத் துண்டு மட்டும் திரும்பி வந்தது.

"ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதாம். தையல்ல இழுத்துட்டீங்களா எஸ்தர்?" என்றார் சார்.

டிராயிங்கை விரித்து அளந்தேன். நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. ஷூ தைத்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தையல் சரியாக இருந்தும் அப்பர் உட்காரவில்லை என்றால் பேட்டர்னில்தான், அதாவது பார்த்து வெட்டுகிற அளவுத் தாளில்தான், கோளாறு. ஆனால் டிராயிங் போட்டவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். "வேற ஒண்ணு தைச்சிடறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு அதே தப்பை இரண்டாவது தடவையும் தைத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு நானும் சாரும் பெங்களூர் போனோம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, தூசி நுழையாத கிளீன் ரூமுக்குள் விட்டார்கள். அங்கேதான் முதல் தடவையாக சாட்டிலைட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டு பீரோ உயரம்தான் இருந்தது. என்ஜினியர் வித்யா மேடம், ஓசூர்க்காரர், துண்டை மூலையில் வைத்தார். கையை எடுத்ததும் ஓரம் மெல்ல எழும்பியது.

"ரெண்டாவது தடவை சார். நாளன்னைக்கு சேம்பர் டெஸ்ட், காத்தில்லாத ரூம்ல வெச்சு சூடும் குளிரும் குடுத்துப் பாக்கணும். இந்த வேலைய வேற யார்கிட்டயாவது மாத்திடலாமான்னு எங்க டைரக்டர் கேக்கறாரு."

கோபிநாத் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம், எங்க ஸ்டிச்சிங்ல..."

"ஸ்டிச்சிங் இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பேட்டர்ன் தப்பு."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல போட்டதும்மா. தப்பா இருக்க சான்ஸ் இல்ல."

"கம்ப்யூட்டர்ல இந்த ஒயரும் வளைஞ்சிருக்குதா மேடம்?"

மூலைக்குக் கீழே கட்டை விரல் தடிமனில் ஒரு ஒயர்க் கட்டு வளைந்து புடைத்துக்கொண்டு போனது. மேடம் குனிந்து பார்த்தார். போய் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நேரா போட்டிருக்கோம்," என்றார் மெதுவாக. "இங்க புடைக்கும்னு காட்டல. திரும்ப மாடல் பண்ணி டிராயிங் எடுக்க நாலு நாளாகும்."

3. டேப்

ஷூவுக்குப் பேட்டர்ன் எடுக்கும்போது கால் அச்சின் மேல் டேப்பை நெருக்கமாக ஒட்டி, கோடு போட்டு, பிளேடால் கீறி உரித்து எடுத்துத் தட்டையாகப் பரப்புவோம். கால் வடிவம் அப்படியே தாளில் வந்துவிடும். அதைச் சொன்னேன்.

"சாட்டிலைட் மேல டேப்பா? பசை ஒட்டிக்கும். பிளேடு கிட்டவே வரக் கூடாது!"

"மேல சுத்தமான ஃபிலிம் போத்திடுங்க மேடம். உங்க டேப்பையே குடுங்க, ஃபிலிம் மேலதான் ஒட்டுவேன். தொப்பி மாதிரி கழட்டி, வெட்டறத மேஜைல வெச்சு வெட்டிக்கறேன்."

"எவ்ளோ நேரம்?"

"சாப்பாட்டு வேளைக்குள்ள பேட்டர்ன் வந்துடும்."

 மேடம் தானே ஃபிலிமை எடுத்து வந்து போர்த்தினார்.

முதல் டேப்பை இரண்டு தடவை உரித்து ஒட்டினேன். நாலாவது டேப் ஒரே தடவையில் உட்கார்ந்தது. அப்புறம் அது எனக்கு சாட்டிலைட்டாகவே தெரியவில்லை. மேடும் பள்ளமுமாக இன்னொரு கால் அச்சு, அவ்வளவுதான். கழற்றி மேஜையில் வைத்து நடுவில் ஒரு வெட்டு கொடுத்தேன். அந்த இடம் முக்கோணமாக விரிந்தது. போர்வையில் அந்த முக்கோணத்தை மடக்கித் தைத்தால் அங்கே ஒரு பை மாதிரி குழியும். ஒயர் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கேயே புது அடுக்குகளை வெட்டி, கையாலேயே தைத்தேன். வளைவு இருப்பதால் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட ஒரு மயிரிழை ஜாஸ்தி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே நெருக்கும். மேடம் பக்கத்தில் நின்று ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதிக்கொண்டார். முடிக்கும்போது மணி நாலு. அன்று யாரும் சாப்பிடவில்லை.

மேடம் துண்டை வைத்தார். கையை எடுத்தார். ஓரம் எழும்பவில்லை. விரலால் தட்டிப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"உக்காந்துடுச்சு!" என்று கத்தினார். அந்த ரூமில் யாரும் சத்தம் போட மாட்டார்களாம். அன்று எல்லாரும் போட்டார்கள்.

டிராயிங்கைத் திருத்தும்போது, மாற்றம் சொன்னவர் என்ற இடத்தில் மேடம் என் பெயரை எழுதினார்: எஸ்தர், தையல், ராணிப்பேட்டை.

4. மேலே போன பிறகு

சேம்பர் டெஸ்டில் போர்வை பாஸ். சில மாதம் கழித்து ஒரு காலையில் ராக்கெட் கிளம்பியதை யூனிட்டில் எல்லாரும் டிவியில் பார்த்துக் கை தட்டினோம். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. நெருப்பைக் கக்கிக்கொண்டு போவது ராக்கெட்டின் வேலை. என் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

மூன்றாம் நாள் வித்யா மேடம் போன் செய்தார். "எஸ்தரம்மா, நிழலுக்குள்ள போய் வெயிலுக்கு வந்து, எத்தனையோ சுத்து சுத்திடுச்சு. உங்க மூலைல டெம்பரேச்சர் நாங்க சொன்ன அளவுக்குள்ளயே நிக்குது. கொஞ்சமும் நகரல."

கோபிநாத் சார் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "மேடம், இன்னொரு தடவ சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!" மேடம் மறுபடி சொன்னார். ஒவ்வொரு மெஷினாக நின்றது. பெண்கள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் அழுததை யாரும் மறக்கவில்லை, இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். தைக்கத் தெரிந்ததால் மட்டும் அந்தத் துண்டு உட்காரவில்லை. கோளாறு எங்கே என்று முதல் துண்டு திரும்பி வந்த அன்றே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்ததால் இரண்டாவது துண்டும் வீணானது, வேலையே கைவிட்டுப் போயிருக்கும். உங்கள் கைக்குத் தெரிந்ததை வாய் திறந்து சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் என்ன படித்திருந்தாலும் சொல்லுங்கள்.

இப்போது மூலைத் துண்டுகளின் டிராயிங் முடிவாவதற்கு முன்பே என்னிடம் வந்துவிடுகிறது. "இது சரியா வருமா எஸ்தரம்மா?" என்று கேட்கிறார் மேடம். போன வாரம்கூட ஒன்று வந்தது. பார்த்தேன்.

"வராது மேடம்," என்றேன். "டேப்ப எடுத்து வைங்க, நான் வர்றேன்."