வாங்கில் நீந்திய அக்கா

விறாந்தையில் உட்காரக் கிடந்த நீண்ட மர வாங்கில் அக்கா குப்புறப் படுத்து, கையையும் காலையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் கைபேசி, அதற்குள் யாரோ ஒருவர் நீந்திக் காட்டிக்கொண்டிருந்தார். தை மாதத்து இளவெயில் அவள் முதுகில் விழுந்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செட்டிபாளையத்தில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் பிறந்தவள் பலகையில் நீந்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அக்கா எதையும் வாசித்தே பழகியவள். நான் வாவிக்கரைச் சேற்றில் உருண்டு திரிந்த காலத்தில் அவள் புத்தகத்துக்குள் குடியிருந்தாள். அப்படிப் படித்தே பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது ஆனாள், ஊருக்கு 'மிஸி'. வேலை கிடைத்ததோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில். கோடையில் பாலத்தால் ஸ்கூட்டியில் போய்வந்தாள். மாரியில் வெள்ளம் தெருவை மூடிவிட்டது. அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதென்று அவளைக் கூட்டிப்போகத் தோணி வந்தது. அக்கா ஒரு காலை உள்ளே வைத்தாள். தோணி ஆடியது. காலை எடுத்துவிட்டாள். கடைசியில் அந்தத் தோணி திரும்பிப் போய், வலியோடு துடித்த பெண்ணையே ஏற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அக்காவுக்குத்தான் ஆகிவிட்டது. அடுத்த மாரிக்குள் தண்ணீர்ப் பயம் போகாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதற்குத்தான் அந்த வாங்கு நீச்சல்.

"சிரிச்சது போதும். என்னைப் பழக்கு கா," என்றாள். எங்கள் ஊரில் அக்காவுக்குத் தங்கச்சியும் 'கா'தான்.

பின்னேரம் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். "முதல்ல கையா, காலா?" என்று கேட்டாள். நீச்சல் என் உடம்புக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, "மல்லாந்து படு, நான் பிடிக்கிறன்," என்றேன். அவள் முதுகுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்தேன்.

"கைய எடுத்திராத."

"எடுக்கமாட்டன்."

மரக்கட்டை என்றாலும் மிதக்கும். அவள் கல்லாக விறைத்துக் கிடந்தாள். நான் எதுவும் விளக்கவில்லை. நாளும் பின்னேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரக் காட்டின் மேல் வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி, தண்ணீரும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் போகும். காதுகள் தண்ணீருக்குள் அமிழ்ந்ததும் அவள் முகம் தூங்கும் பிள்ளையின் முகமாகிவிடும். "எல்லாச் சத்தமும் தூரத்துக்குப் போயிட்டு கா," என்றாள் ஒருநாள், கனவில் பேசுகிறவளைப்போல. கழுத்து முதலில் இளகியது. பிறகு தோள். பிறகு, என் கையில் கிடந்த பாரம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

"இப்ப எடு," என்றாள் அவளாகவே.

எடுத்தேன். அக்கா அப்படியே கிடந்தாள், கண் திறந்து வானத்தைப் பார்த்தபடி. எனக்கு அழுகை வந்தது. எந்தப் புத்தகமும் இல்லாமல் அவள் கற்ற முதல் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் அவளுக்கு நீந்தத் தெரியாது, மிதக்க மட்டுமே தெரியும்.

அடுத்த மாரியிலும் தெரு மூடியது, அக்கரையில் இன்னொரு பெண்ணுக்கு வலி எடுத்துத் தோணி வந்தது. "ஏறுங்க மிஸி," என்றார் தோணிக்காரர். அக்கா ஏறி இருந்தாள். விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளிறியிருந்தன. நானும் வாறன் என்றேன்.

"நீ என்னத்துக்கு? அங்க நான் பிறக்கிற புள்ளையப் பிடிக்கிறதா, நீ என்னைப் பிடிக்கிறதா? வீட்ட போ."

தோணி ஆடி ஆடிப் போனது. மழை மூட்டத்துக்குள் முதலில் தோணிக்காரர் மறைந்தார், பிறகு அக்காவின் குடை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வீட்டுக்குப் போகவில்லை, தோணி போன கரையிலேயே நின்றேன். பொழுது படும் நேரத்தில் கைபேசி அடித்தது. "பொம்பிளப் புள்ள கா! தாயும் சுகம்," என்று கத்தினாள். பின்னால் பிள்ளை அழும் சத்தமும் கேட்டது. வாவியைக் கண்டு ஒருநாளும் பயந்தறியாத நான், முழங்காலளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.