அடுப்பு ஆறிய நாட்கள்

அந்த ஒரு தடவை தவிர, எங்கள் பேக்கரி அடுப்பு ஆறி நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி திண்டிவனத்துக்கு வந்த நாளிலிருந்து அதற்கு விறகு போட்டே பழகிவிட்டேன். விசேஷமா, வெளியூர்ப் பயணமா, எல்லாம் அடுப்பைக் கேட்டுத்தான். மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னைக் கொடுத்தார்கள். இந்த அடுப்பைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அதை அணைக்க வைத்தது என் வீட்டுக்காரரின் இளைப்புதான். காற்று திரும்பினால் புகைபோக்கியில் ஏறிய புகை கீழேயே இறங்கும். பன் தட்டை உள்ளே தள்ளுவதற்குள் அவருக்கு மேல்மூச்சு வாங்கும். "ஒண்ணு புகை போகணும், இல்ல நீங்க அடுப்பை விட்டுப் போகணும்" என்று விழுப்புரத்து டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடுப்பை விட்டால் இவர் என்ன ஆவார்? கரண்ட் அடுப்பு வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கே முகம் கொடுத்துப் பேசாதவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

புகைபோக்கி உச்சியில் ஃபேன் வைத்தால் புகையை மேலே இழுத்துவிடும் என்றார்கள். பார்க்க வந்த ஃபிட்டர் ஃபேனைக் கொண்டுவரவே இல்லை.

"மொதல்ல அடுப்பு நல்லா ஆறணும்ணா. அப்பறம் உள்ள இருக்கற கரியைச் சொரண்டணும். அப்படியே ஃபேனைப் போட்டா காத்து இழுத்து கரியே பத்திக்கும்" என்றார்.

அடுப்பை அணைத்து நாட்களாகியும் செங்கல் லேசில் சூட்டை விடவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. மாவு ஒட்டாத கை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். பஸ் ஏறி பனமலைக்குப் போனோம். பாதி மலையிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய் சாமி கும்புட்டு வாமே. நான் ஏரியப் பாத்துக்கினு இருக்கேன்."

நானும் போகவில்லை. வேகவைத்த மல்லாட்டையை – வேர்க்கடலைக்கு இந்த ஊரில் அதுதான் பேர் – உரித்துத் தின்றுகொண்டே, கல்யாணமான புதிதில் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் பேசினோம். நடுநடுவே அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஃபிட்டர் மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. யாரும் கரண்ட் போட்டுவிடக்கூடாது என்று மெயினிலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். இடுப்பில் கயிறு கட்டி ஏறி, கரியெல்லாம் சுரண்டித் தள்ளினார். கரித்தூள் பறந்து பக்கத்து மாடித் துணியில் விழக்கூடாது என்று புகைபோக்கி வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, ஃபேனுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அடுப்புக்குச் சாம்பிராணி காட்டாமல் நான் இருந்ததில்லை. எரிகிற அடுப்பில் அந்தப் புகை போன இடம் தெரியாது. அன்றும் என் கை சும்மா இருக்கவில்லை. கப் சாம்பிராணி நாலைந்தைக் கொளுத்தி அடுப்புக்குள் வைத்தேன். சாக்கு ஓரத்தில் புகை கசிந்ததும் மேலேயிருந்து அலறல் வந்தது.

"அக்கா, யாரு நெருப்பு வச்சது? மேல ஒருத்தன் குந்திக்கினு இருக்கறது தெரியல?"

நான் வாய் திறப்பதற்குள் மாவு மூட்டை அறையிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஏமே, இங்க வந்து பாரேன்!"

மேலே வழியில்லாத சாம்பிராணிப் புகை சுவரில் செங்கல் இடுக்கிலிருந்து வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் புகைபோக்கி. அவர் மதியம் தூங்குகிற கட்டிலும் அதை ஒட்டித்தான். கதகதப்பாக இருக்கிறது என்று தலையணையை அங்கேயே அணைத்துப் போட்டுப் படுப்பார்.

இறங்கி வந்த ஃபிட்டர் கோபத்தை மறந்துவிட்டார். "இத்த அடைக்காம ஃபேன் போட்டிருந்தா, கரண்ட் போறப்பல்லாம் ஃபேன் நின்னு புகை இங்கதான் வந்திருக்கும்ணா."

"இத்தினி வருஷமா புகையைக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்கியிருக்கீங்களே!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

விரிசலைப் பூசிக் காயவிட்டோம். கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஃபேன் மேலே ஏறியது.

போன மழைக்காலத்தில் காற்று திரும்பியது. புகை இறங்கவில்லை. வர்க்கித் தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தவரை ஏதோ கேலி செய்தேன். வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும். தடவிக் கொடுக்க என் கை தானாக அவர் முதுகுக்குப் போயிற்று. இருமல் வரவில்லை.

"இன்னாமே?" என்றார் திரும்பி.

"ஒண்ணுமில்லங்க" என்றேன். கையை மட்டும் எடுக்கவில்லை.