நைனாவுக்கு வந்த மெமோ

எங்கள் வீட்டில் திட்டு என்பது காலை டீயோடு சேர்ந்து வருவது. செருப்பைக் கோணலாக விட்டால் திட்டு, குழாயடியில் வரிசையைக் கோட்டை விட்டால் திட்டு. நைனா வாயைத் திறந்தால் திருவொற்றியூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்பாள் அம்மா. பத்து நிமிடத்தில் எல்லாம் ஆறிவிடும். திட்டைக் காகிதத்தில் அடித்து, சீல் குத்தி ஒருவர் கையில் கொடுப்பார்கள் என்று ஏழாம் வகுப்பில் எனக்கு எப்படித் தெரியும்?

நைனா எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒருநாள் அந்த வண்டி இடித்து ஒரு கன்டெய்னர் கதவு நசுங்கிவிட்டது. இடித்தது அடுத்த ஷிஃப்ட் ஆள். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது சாவியைக் கைக்குக் கை கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். நோட்டில் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ள யாருக்கும் பொறுமை கிடையாது. நோட்டில் நைனாவின் பெயர்தான் இருந்தது. மெமோ அவருக்கு வந்தது.

ஆங்கில மெமோவை நான்தான் படித்தேன். உங்களை ஏன் 'ரெப்ரிமாண்ட்' செய்யக்கூடாது, மூன்று நாளில் பதில் தரவும் என்றிருந்தது. பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதியைப் புரட்டினேன். மேலிடத்தில் இருப்பவர் கோபமாகக் கண்டிப்பது என்று போட்டிருந்தது. இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

யூனியன் ஆபீஸில் எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றார் நைனா. அம்மா விடவில்லை.

"பொண்ணு இங்கிலீஷ் மீடியம் படிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியற. ஒரு லெட்டர் எய்த ஊரான்கிட்ட போய் நிப்பியா?"

நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த டைம்ல வண்டி என் கைல இல்ல. சாவிய குடுத்துட்டு எறங்கிட்டேன். அத்த மட்டும் எய்துமா."

எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பெரியவர்களுக்கு எழுதும் கடிதம் பணிவாக முடிய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே உதாரணமாக ஓர் அழகான வாக்கியம் இருந்தது. 'அவன்' இருந்த இடத்தில் 'நான்' போட்டுக் கடைசியில் அப்படியே இறக்கினேன்: என் கவனக்குறைவுக்காக நான் கண்டிக்கப்பட வேண்டியவன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காமலே நைனா கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அவரை வண்டியிலிருந்து இறக்கி, மீஞ்சூர் பக்கத்து யார்டில் மூட்டை தூக்கப் போட்டுவிட்டார்கள். அங்கே ஆள் குறைவு என்று வீட்டில் சொன்னார். நானும் நம்பினேன். யூனியன்காரர் அந்தக் கடைசி வரியை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, நீயே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் என்ன பேசுவது என்று கையை விரித்தது, நான் வேலைக்குப் போன பிறகு அம்மா வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் அதைக் கேட்டுவிட்டு வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டையைக் கழற்றி மாட்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். என் லெட்டர் என்ன ஆச்சு என்று நான் போய் நின்றேன்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்கமா. ஒரு தப்பு இல்லாம எய்திகீறன்னாங்க" என்றார்.

அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.