கறியில் நின்ற கத்தி

அவள் கைகள் ஓர் ஆட்டுத் தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தன. இடது பெருவிரல் மூட்டுக்குழியைத் தேடிப்போய் அழுத்தியது. வலது கையிலிருந்த சின்னக் கத்தி எலும்பை ஒட்டியே இறங்கியது. ஓங்கவில்லை, வெட்டவில்லை. சவ்வை அறுத்துவிட்டு எலும்பைப் பிடித்து ஒரு திருகு. 'பொளக்'கென்று கழன்று வந்தது.

கறி வெட்டும் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற ரொட்டி வண்டிக்காரர், "நீங்க கூப்பிட்டா எலும்பே எந்திரிச்சு வந்துரும் போலம்மா" என்றார்.

"வர்ற வழியில கத்திய வச்சா வரும். வராத வழியில வச்சா நம்ம விரல்தான் வரும்."

பின்னால், கடையின் உள்ளறையில், அவள் புருஷனும் கொழுந்தனும் கத்திக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றும் புதிதில்லை. அந்தக் கடையில் கறி இல்லாத நாள் உண்டு. சண்டை இல்லாத நாள் கிடையாது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது அடிக்கிற வீட்டுக்கு. மாமனாருக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். கறியில் கத்தியைக் குத்தி நிறுத்திவிட்டு யாராவது அந்தண்டை திரும்பினால் பிடரியில் இடி விழும். "கத்தி ஒண்ணு கையில இருக்கணும், இல்ல ஆணியில தொங்கணும். கறியில நிக்கக் கூடாது." நின்ற கத்தி அடுத்தவன் கையைக் கிழிக்கும் என்பது காரணம். வாங்கிய அடியில் காரணம் மறந்து பழக்கம் மட்டும் மிஞ்சியது. எங்கே கத்தி குத்தி நின்றாலும் மகன்கள் இருவர் கையும் தானாகப் போய் உருவிவிடும்.

அவளும் சளைத்தவள் இல்லை. கல்யாணமான வருஷமே, கன்னத்தில் அறைந்த புருஷன்மேல் அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்து வீசினாள். நெற்றி பிளந்தது. தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால், "கிடா முட்டிருச்சு" என்பான்.

"கிடா இல்ல, பெட்டை" என்று கட்டையிலிருந்து குரல் வரும்.

பொட்டலம் கட்டப் பழைய தாள் மூட்டையாக வாங்குவார்கள். ஒரு மூட்டையில் அட்டை போன தடிப் புத்தகம் ஒன்று வந்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் புத்தகம். மேல் தாளெல்லாம் அழுக்கு. அதனால் கவிழ்த்துப் போட்டுக் கடைசித் தாளிலிருந்து கிழிப்பது கடை வழக்கம். ஆள் வராத ஒரு நேரத்தில், கிழிக்கப்போகும் தாளில் கண்ணை ஓட்டினாள். அதற்குப் பிறகு படிக்காமல் ஒரு தாளையும் கிழிக்கவில்லை. இப்படி அந்தப் புத்தகத்தை வாலில் தொடங்கித் தலைவரை படித்தாள். புருஷன் அவளுக்குக் 'கடைசிப் பக்கம்' என்று பேர் வைத்தான்.

கதைப் புத்தகமும் வரும். இந்த வரிசையில் அது சரிப்படவில்லை. "கொன்னவன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சு போயிருது. அப்புறம் செத்தவன் வந்து நின்னு சிரிக்கிறான்" என்று விட்டுவிட்டாள். விஷயம் சொல்லும் புத்தகம் அப்படியில்லை. எந்த வாசலில் நுழைந்தாலும் வீட்டுக்குள் போய்விடலாம். அதிலும் சில நாள் வேதனைதான். ஒரு பக்கத்தின் தலையில், 'அப்படிச் செய்த பிறகு பிழைப்பது அரிது' என்று இருந்தது. எப்படிச் செய்த பிறகு? வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். உடம்பில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்குவதைப் பற்றி எழுதியிருந்தது.

இன்னொரு தாள் அவளை உலுக்கிவிட்டது. தலையில் பலமாக அடிபட்டவன் எழுந்து நடப்பான், பேசுவான், சிரிப்பான். உள்ளே கசியும் ரத்தம் அப்புறம் ஆளைச் சாய்க்கும் என்றது. நிமிர்ந்து பார்த்தாள். நெற்றித் தழும்போடு புருஷன் சீட்டியடித்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் அவள் பொட்டலம் கட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த முறை அவன் கை ஓங்கியபோது, அவள் கை எடைக்கல் வரை போய்த் திரும்பி வந்தது. "இனிமே நான் திருப்பி அடிக்க மாட்டேன். ஆனா நீ தொட்டா, இந்தப் படியிறங்கிப் போயிருவேன். அப்புறம் வர மாட்டேன்" என்றாள்.

"புத்தகம் சொல்லுச்சா?"

"ஆமா. உன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுச்சு. பயந்துட்டேன்."

அவன் சிரித்தான். ஆனால் கல்லைவிட இது அவனுக்குப் பயமாக இருந்தது. அவள்மேல் விழுந்த கை நின்றது. தம்பிமேல் விழுந்த கை நிற்கவில்லை.

இன்றைய சண்டை மாமனாரின் கத்திக்கு. எலும்பெடுக்கும் மெல்லிய கத்தி அது. தீட்டித் தீட்டிப் பாதியாய்த் தேய்ந்திருந்தது. தனிக்கடை போடப்போகும் சின்னவன் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"வையிடா கீழ!"

"எங்கப்பன் கத்தி!"

"எனக்கு மட்டும் சித்தப்பனா?"

ஏதோ உருண்டது. ஐஸ் பெட்டி சுவரில் இடித்தது. பிறகு ஓர் அலறல். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்த நிசப்தம்தான் அவளை உள்ளே ஓட வைத்தது.

சின்னவன் ஐஸ் பெட்டியில் சாய்ந்து தரையில் கிடந்தான். தொடையில் அப்பனின் கத்தி பிடிவரை இறங்கி நின்றது. பேன்ட் கறுத்து நனைந்துகொண்டே வந்தது. பெரியவன் வெறுங்கையைப் பார்த்தபடி நின்றான். பிறகு அவன் பார்வை கத்தியில் விழுந்தது. கறியில் நிற்கிற கத்தி. கை தானாக நீண்டது.

"எடுக்காத!"

அவன் காதில் ஏறவில்லை. விரல்கள் பிடியைச் சுற்றி இறுகின.

வருஷக்கணக்காகத் திருப்பி அடிக்காதவள் அன்று அடித்தாள். பக்கத்தில் கிடந்த வெட்டரிவாளைப் புரட்டி, முதுகுப்பக்கத்தால் அவன் முழங்கையில் இறக்கினாள். தலையில் இல்லை. எலும்பு சொன்ன சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். விரல்கள் பிடியை விட்டன. அவன் ஊளையிட்டபடி சுவரில் போய் விழுந்தான்.

அதற்குள் சின்னவனே பிடியைப் பற்றிவிட்டான். "எரியுது அண்ணி, உருவிடுங்க அண்ணி!"

பளாரென்று ஓர் அறை. அவன் மார்பில் முழங்காலை ஊன்றிக் கையைப் பிரித்தெறிந்தாள். "விடுறா! கத்தி நிக்கட்டும்!"

"அப்பா நிக்கக் கூடாதுன்னு..."

"உங்கப்பன் செத்துட்டான். இப்ப நான் சொல்றேன், நிக்கட்டும். இப்ப அதுதான்டா மூடி. உருவுனா நீ சுடுகாட்டுக்கு, உங்கண்ணன் ஜெயிலுக்கு."

பெரியவனைப் பார்த்துக் கத்தினாள்: "ஒரு கை நல்லாத்தான இருக்கு? சட்டையக் கழட்டு. துண்டையும் எடு. சுருட்டிக் கத்திக்கு ரெண்டு பக்கமும் அண்டக் குடு. மேல அழுத்தாத!"

அவன் அழுதுகொண்டே ஒற்றைக் கையாலும் பல்லாலும் சுருட்டிக் கொடுத்தான். அவள் சுருள்களைக் கத்தியின் இருபுறமும் வைத்து, இரு கைகளாலும் அணைத்து அழுத்தினாள். விரலிடுக்கில் வெதுவெதுவென்று வந்தது. இன்னும் அழுத்தினாள். கசிவு குறைந்தது. நிற்கவில்லை.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரொட்டி வண்டிக்காரர் திரும்பி ஓடினார். வண்டியைப் பின்னோக்கி வாசலுக்கே கொண்டுவந்தார். அக்கம்பக்கத்தார் சின்னவனை ஒரு பலகையில் ஏற்றித் தூக்கி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே கிடத்தினார்கள். அவள் கையை எடுக்காமலே ஏறினாள். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் கத்தி துடித்தது. அவள் முழு உடம்பும் அதைப் பிடித்து நிறுத்தியது.

பெரியவன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காதடா, டேய், என்னைத் திட்டுடா" என்றான்.

சின்னவனின் உதடு வெளுத்திருந்தது. "கத்தி எனக்குத்தான்."

"வச்சுக்கடா. உங்கிட்டதான இருக்கு."

சின்னவன் சிரிக்கப் பார்த்து முனகினான். "சிரிச்சுத் தொலைக்காத, ஆடுது" என்று அவள் அதட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். ஒருவன் அவள் தோளைப் பிடித்து, "நகருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றான்.

அவள் நகரவில்லை. முழங்கைவரை ரத்தம் காய்ந்து இழுத்தது.

"கையுறை போட்டிருக்கீங்கல்ல? முதல்ல உங்க கைய என் கைமேல வைங்க."

அவன் வைத்தான்.

"அழுத்துங்க. இன்னும். உள்ள இருக்கிற கத்தி ஆடக் கூடாது."

அவன் கையின் பலம் தன் கை வழியாகச் சுருளில் இறங்குவதை உணர்ந்த பிறகு, ஒவ்வொரு விரலாக உருவி, அவன் கைக்குக் கீழேயிருந்து தன் கையை வெளியே எடுத்தாள்.