சாம்பல் தொட்ட ஆயில் ஃபில்டர்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனாலும் மூட்டை தூக்கியே கிழக்குத் தாம்பரத்தில் மனை வாங்கி, மாடி கட்டி, தொண்ணூறுகளில் ஒரு பழைய காரையும் வாசலில் நிறுத்தியவன். ஆயில் மாற்றக்கூட எந்த மெக்கானிக்கிடமும் போனதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். போனதில்லை என்பது உண்மை. மாற்றியதும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருவதாக ஏற்பாடு. பத்தரை மணிக்குள் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனில், "ஆயில், ஃபில்டர் எல்லாம் நானே மாத்தி, நானே ஓட்டிகினு வர்றேன் சார்" என்று வேறு சொல்லிவிட்டேன்.

சொன்னால் செய்ய வேண்டுமே. அன்று காலை பழைய ஆயிலை வடித்தேன். ஃபில்டர் என்பது இஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஒரு தகர டப்பா. பானெட்டைத் திறந்து மேலேயிருந்து கையை விட்டுத் திருகினேன். அசையவில்லை. மூட்டை தூக்கிய கை விடுமா? இன்னும் பலமாகத் திருகினேன். எட்டரை மணிக்கு ஸ்குரூடிரைவரை வைத்து அடித்ததில் டப்பா ஓட்டையானது. இனி அதோடு வண்டியை எடுக்கவும் முடியாது.

பட்டுப்புடவையோடு மனைவி வாசலுக்கு வந்தாள். "ஏங்க, பஸ்லயே போயிடலாம்."

"பஸ்லயா? அந்த ஆளு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

அந்நேரம் கூடையோடு மீன்கார அம்மா வந்து நின்றாள்.

"இன்னிக்கு மீன் வேணாம்மா, கோவிலுக்குப் போறோம்" என்றாள் மனைவி.

"மீன் வாங்காட்டிப் போ. அண்ணன் இன்னா, காருக்குக் கும்புடு போட்டுகினு கீறாரு?" கூடையை இறக்கிவிட்டுக் குந்தி, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நீ கயட்டல. இறுக்கிகினு கீற."

"எனக்கே சொல்றியா?"

"டப்பா கீய தொங்குது, நீ மேலேர்ந்து திருப்புற. ஊறுகா பாட்டில கவுத்துப் புடிச்சித் தொறந்து பாரு, தெரியும்."

மனைவி சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

வழுக்கும் மீனை ஆய்வதற்குக் கூடையில் வைத்திருந்த சாம்பலை மீன்கார அம்மா கையில் அப்பிக்கொண்டாள். "வெலாங்கு மீனையே புடிச்ச கையி இது." எதிர்ப்பக்கம் ஒரே திருகு. டப்பா அவள் கையோடு வந்துவிட்டது.

புதியதை நான்தான் மாட்டினேன். "அந்தப் பக்கம் இல்ல அண்ணா, இந்தப் பக்கம்" என்று அவள் பக்கத்தில் இருந்து சொன்னதோடு சரி. இஞ்சினில் கையூன்றி எழுந்து போய்விட்டாள்.

புது ஆயிலை ஊற்றிக்கொண்டு பத்து இருபத்தைந்துக்குக் கோவில் வாசலில் நின்றோம். "நீங்களே மாத்தினதா? பார்க்கலாமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பெருமையாக பானெட்டைத் தூக்கினேன். சூட்டில் மீன் வறுவல் வாசனை குப்பென்று அடித்தது. அவர் குனிந்து, இஞ்சினில் ஒட்டியிருந்த செதில் ஒன்றை விரலால் எடுத்தார்.

"சங்கரா மீனா சார்?"

அதுவரை தலை நிமிராத என் மகள் வெடித்துச் சிரித்தாள். பையனும் சிரித்தான். இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

அந்தக் கல்யாணம் முடிந்தது என் கைராசியால் என்றுதான் இன்றும் சொல்கிறேன். மனைவி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.